தீ வைக்கும் உத்தியோகம்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதிய மகள், அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'வீட்டுக்குத் தீ வைப்பது' என்று எழுதிவிட்டாள். மறுநாளே தலைமையாசிரியையிடமிருந்து அவசர அழைப்பு. அம்மாக்காரி சீருடையோடு போய் எதிரில் நின்ற பிறகுதான் அந்த அம்மாளுக்கு மூச்சே வந்தது.

"தீயணைப்புத் துறைன்னு எழுதியிருக்கலாமேடா கண்ணு?" என்று மகளைக் கேட்டார்.

"அணைக்கிறது மத்தவங்க மிஸ். எங்கம்மா பத்த வைக்க மட்டும்தான் செய்வாங்க" என்றாள் ஒன்பது வயது மகள்.

அதில் பொய் ஏதும் இல்லை. தீயணைப்புப் படையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நிஜ நெருப்பில் பழக்கம் வேண்டும். அதற்கென்று ஊரின் ஓரத்தில் ஒரு பயிற்சித் திடல். திடலின் நடுவே, யாரும் குடியிருக்காத, கரி ஏறிய ஒரு மாடி வீடு. வாரத்தில் இரண்டு நாள் அந்த வீட்டுக்குள் முறையாகத் தீ மூட்டி, உள்ளே ஆட்களை அனுப்பி, போனவர்களை முழுசாக வெளியே கொண்டுவருவதுதான் அவளுடைய உத்தியோகம். ஒல்லியான நெடிய உடம்பு, உச்சியில் சிவப்புத் தலைக்கவசம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கூட இருந்தவர்கள் 'தீக்குச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உரசாத வரைக்கும் நான் சாதுதான்" என்பாள்.

வீட்டில் நாத்தனாருக்கு மட்டும் இந்த உத்தியோகம் பிடிபடவே இல்லை. "எங்க அண்ணன் கட்டிக்கிட்டு வந்தது ஊருக்கெல்லாம் கொள்ளி வைக்கிற பொண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்த அண்ணனோ, தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "வீட்ல அடுப்பு பத்த வைக்கிறது நான்தானே, கணக்கு சரியாப் போச்சு" என்பான். அதுவும் உண்மைதான். அந்த வீட்டில் சமையல் அவன் பொறுப்பு.

அவளுடைய இடது காதின் மேல்மடல் சற்றுச் சுருங்கியிருக்கும், வாடிய இலையின் ஓரம்போல. அதன் கதையை அவள் அதிகம் சொல்லமாட்டாள். இருபத்திரண்டு வயதில் அவள் பயிற்சிக்கு வந்தபோது இருந்த பயிற்சியாளருக்கு ஒரே ஒரு கொள்கை: பயம் தெளிய வேண்டுமென்றால் சூடு பட வேண்டும். பெட்ரோலை வாளியோடு கொட்டித் தீ வைப்பார். காப்பாற்றப்பட வேண்டிய ஆளாகப் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவரையே உள்ளே படுக்க வைப்பார். அன்று படுத்திருந்தவள் அவள். கூரையோடு போய்க்கொண்டிருந்த தீ திடீரென்று கீழே இறங்கியது. கட்டிலுக்கு அடியில் முகத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டு எத்தனை நேரம் கிடந்தாளோ அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். காது வெந்ததைவிட வேறொன்றுதான் அவளை அதிகம் சுட்டது. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று வெளியே நின்றவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. "எல்லாரும் வந்தாச்சு" என்று சொல்லித் தண்ணீரைக்கூட நிறுத்திவிட்டார்களாம்.

பதின்மூன்று வருடம் நிலையத்தில் வண்டி ஏறி இறங்கிய பிறகு, அதே திடலுக்கு அவளையே பொறுப்பாளராகப் போட்டார்கள். போய்ப் பார்த்தால், அந்தப் பழைய பயிற்சியாளர் ஓய்வுபெற்றுப் போயிருந்தாரே தவிர, அவர் பழக்கங்கள் அங்கேயே குடியிருந்தன. மதில் ஓரம் பழைய டயர்கள் மலைபோல. டீசல் பீப்பாய்கள். பக்கத்தில், பெட்ரோல் தீயை மூடி அணைக்கிற நுரைத் திரவம் பதினோரு பீப்பாய். பயிற்சி முடிந்ததும் எல்லாத் தண்ணீரும் ஒரு வாய்க்கால் வழியாக மதிலுக்கு வெளியே போய்விடும். எங்கே போகிறது என்று கேட்டால், "வெளியே போகுது மேடம்" என்று பதில்.

முதல் மாதம் அவளும் கேள்வி கேட்காமல் அதையே செய்தாள். பிற்பாடு அதைச் சொல்ல அவள் வெட்கப்படவில்லை. "புதுசா வந்தவ, எடுத்த எடுப்பிலேயே எதை மாத்துறது?"

இரண்டாவது மாதம், டயர் எரித்த ஒரு காலையில், திடலின் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். முழங்கைவரை ஈரம். தோளில் நனைந்த வெள்ளை விரிப்பு ஒன்று.

"இங்க யாரு பெரிய ஆள்?"

"நான்தாங்க."

வந்தவள் மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? சரி, இதைப் பிடி." விரிப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்து விரித்தாள். "இது என்னன்னு தெரியுதா?"

"படுக்கை விரிப்புங்க."

"ஆஸ்பத்திரி விரிப்பு. காலையில வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. இப்ப எள்ளு தூவின மாதிரி இருக்கு. இந்த மாதிரி முன்னூறு கொடியில தொங்குது. உங்களுக்கு நெருப்பு விளையாட்டு, எங்களுக்கு இடுப்பு ஒடியுது."

திடலுக்கு முன்பக்கம், சாலைக்கு அந்தப் புறம் இருந்த சலவைக்கூடத்தின் சொந்தக்காரி அவள். மொட்டை மாடி முழுக்கக் கொடி கட்டி, ஆஸ்பத்திரிக்கும் விடுதிகளுக்கும் வெளுத்துக் கொடுக்கிறவள். முன்பிருந்தவரிடம் பலமுறை வந்து, "இது அரசாங்க வேலை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவள். இந்த முறையும் அதே பதிலுக்குத் தயாராக இடுப்பில் கைவைத்து நின்றாள்.

தீக்குச்சி விரிப்பை முகர்ந்து பார்த்தாள். ரப்பர் நாற்றம். டயர் எரித்த நாளில் அவள் வீட்டுக்குப் போனதும், மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு, உடனே மூக்கைச் சுளித்து, "அம்மா, நீ பஸ் மாதிரி நாறுறே" என்று தள்ளி நிற்பாளே, அதே நாற்றம்.

"நான் வந்து பார்க்கலாமாக்கா?" என்றாள்.

சலவைக்கூடத்து அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கென்று வந்தவள் இடுப்பிலிருந்த கையை இறக்கினாள். "வந்து... பார்க்கலாம். பார்க்குறதுக்கு என்ன?"

போனவள் சும்மா பார்க்கவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் முழுக்க முன்னூறு விரிப்பையும் மறுபடி அலசிப் பிழிந்து கொடியில் போட்டார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பழகிய கைகள் ஈர விரிப்பைப் பிழிய முடியாமல் தடுமாறியதைப் பார்த்து, சலவைக்கூடத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நீங்க எல்லாம் நெருப்பை அணைச்சு கிழிச்சீங்க!"

விரிப்பு அலசிய கையோடு அக்கா அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். அங்கே ஓர் ஓடை. அதன் வளைவில் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கிக் கிடந்தது.

"உங்க சோப்பு நுரையாக்கா?"

அக்காவுக்குக் கோபம் திரும்ப வந்தது. "முப்பது வருஷமா சோப்போட குடித்தனம் பண்றேன். எங்க சோப்பு நுரை அரை மணி நேரம் நின்னா அதிசயம். இது மூணு நாளா அப்படியே இருக்கு. உங்க மதில்ல இருக்கிற ஓட்டை வழியாதான் வருது. என் கிணறு அந்தா, பத்தடியில இருக்கு. நான் என்னத்தைத் துவைக்கிறேன்னு எனக்கே தெரியல."

தீக்குச்சி அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். நுரை என்றால் அவளுக்கு அணைக்கிற பொருள். அணைத்த பிறகு அது என்ன ஆகிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்கப் பீப்பாயின் மேல் ஒட்டியிருந்த சின்ன எழுத்தைப் படித்தாள், தெரிந்த வேதியியல் ஆசிரியர் ஒருவரைப் பிடித்து விளக்கம் கேட்டாள். அந்தப் பழைய நுரையில் இருக்கும் ஒரு சரக்கு லேசில் சிதையாதாம். மண்ணில் போனால் மண்ணிலேயே, தண்ணீரில் போனால் தண்ணீரிலேயே, உடம்பில் போனால் உடம்பிலேயே வருடக்கணக்கில் தங்கிவிடுமாம். மறுநாள் காலை பதினோரு பீப்பாயையும் ஓர் அறையில் ஏற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தப் பூட்டைப் போட்டாள். 'முறைப்படி அழிக்க எடுத்துச் செல்லவும்' என்று மேலிடத்துக்கு எழுதினாள். பதில் வரவில்லை. மாதம் ஒரு முறை எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. டயர்கள் லாரி ஏறிப் போயின. அதற்குப் பதிலாகப் பெயிண்ட் அடிக்காத, மருந்து ஏற்றாத வெறும் பலகையும் காய்ந்த வைக்கோலும். அதையும் தராசில் நிறுத்துத்தான் இரும்புத் தட்டில் அடுக்குவாள். "பாடம் நடத்த இருபது கிலோ போதும். இருபத்தொண்ணாவது கிலோ வீம்புக்கு" என்பாள். மதிலில் இருந்த ஓட்டையை அடைத்து, தண்ணீர் முழுவதும் ஒரு தொட்டியில் இறங்கும்படி செய்தாள். கரி அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை மணலிலும் மரக்கரியிலும் வடிகட்டி, மறுபடி அதே வண்டிக்கு ஏற்றினார்கள். பெட்ரோல் தீக்கான பாடத்துக்கு, அந்தச் சரக்கு இல்லாத பயிற்சி நுரையைத் தருவித்தாள். அதுவும் தொட்டியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது சட்டம்.

தேடுதல் பயிற்சிக்கு நெருப்பே தேவையில்லை, கண் தெரியாத புகை இருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு நாடகக் குழுவிடம் கெஞ்சி, மேடையில் மேகம் விடுகிற பழைய இயந்திரத்தை வாங்கி வந்தாள். அதில் ஸ்ட்ராபெர்ரி வாசனைத் திரவம் ஏற்கெனவே ஊற்றியிருந்தது. ஒரு மாதம் முழுக்க, முரட்டு மீசைக்காரர்கள் எல்லாம் ஐஸ்கிரீம் மணக்க வெளியே வந்தார்கள்.

உள்ளே யாரையும் படுக்க வைப்பது அடியோடு நின்றது. எழுபது கிலோ எடையில் ஒரு பொம்மை வந்தது. எந்த வேலையும் செய்யாது, ஆனால் எல்லோரும் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். மாப்பிள்ளையின் சட்டை கருகும்போதெல்லாம் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தது அவள் புருஷன்தான். "என் கடையிலேயே அதிகமா துணி எடுக்கிற ஆளு இவன்தான்" என்று அலுத்துக்கொள்வான். "அளவு மட்டும் மாறவே மாறாது, அது ஒண்ணுதான் நிம்மதி."

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பலகை. வாசலில், ஆணி அடித்து. உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே எடுக்க வேண்டும். இன்னொருவர் வில்லையைத் தொட்டால் அன்று முழுவதும் தொட்டி கழுவுகிற வேலை. தீ மூட்டுகிற கை ஒன்றே ஒன்று, அது அவளுடையது. மூட்டுவதற்கு முன்னால் அறை அறையாக அவளே நடந்து பார்ப்பாள். விசில் மூன்று முறை ஊதினால், கையில் இருப்பது எதுவானாலும் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். தீயை அணைக்கிற குழாய்க்கு ஒரு வண்டி என்றால், காவலுக்கு நிற்கிற குழாய்க்குத் தனியாக இன்னொரு வண்டி. முடிந்ததும் உடுப்புகளை அங்கேயே அலசி, அங்கேயே குளித்துவிட்டுத்தான் யாரும் வீட்டுக்குப் போகலாம். கரி பிள்ளைகளிடம் போகக் கூடாது.

சலவைக்கூடத்து அக்காவோடு ஓர் ஒப்பந்தமும் ஆயிற்று. தீ மூட்டுகிற நாளில் காலை எட்டு மணிக்கு அவளுக்கு போன் போகும்.

"அக்கா, விரிப்பு எந்தப் பக்கம் பறக்குது?"

"உன் பக்கம்தான் பறக்குது தங்கச்சி. பத்த வை."

விரிப்பு திடலை நோக்கிப் பறந்தால், காற்று வீட்டின் முன்வாசல் வழியாக நுழைந்து, பின்ஜன்னல் வழியாகப் புகையையும் அனலையும் வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டு போகும். உள்ளே போகிறவர்களுக்குக் காற்று முதுகுப் பக்கம். எதிர்ப்பக்கம் பறந்தால் அன்று நெருப்பு கிடையாது. முடிச்சுப் போடவும் ஏணி ஏறவும் பழகுவார்கள். திடலில் காற்றுக்காட்டி ஒன்று இருந்தது. ஆனால் மொட்டை மாடியில் பறக்கிற முன்னூறு விரிப்புக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

இப்படிக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஓடியது. அப்போதுதான் பெரிய அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, அடுத்த வாரம் உங்க திடல்ல ஒரு செயல்விளக்கம் வைக்கிறோம். பத்திரிகைக்காரங்க, கேமராக்காரங்க எல்லாம் வர்றாங்க. நல்லா கறுப்பா புகை வரணும். போன தடவை பார்த்தேன், என்னவோ ஊதுபத்தி மாதிரி வெள்ளையா வருது."

"வைக்கோல் புகை சார், அப்படித்தான் இருக்கும்."

"நாலு டயரைப் போடுங்க. கடைசியில நுரையை அள்ளி விடுங்க. பார்க்க அழகா இருக்கும்."

"டயர் இல்ல சார். நுரை பூட்டி வச்சிருக்கேன். சாவியும் என்கிட்டதான் இருக்கு."

"நீங்க எனக்கு இல்லேன்னு சொல்றீங்களா?"

"நெருப்பு இல்லேன்னு சொல்லல சார். நிஜ நெருப்பு, நிஜ ஆட்கள், மாடியிலேருந்து ஆளை இறக்குறது எல்லாம் காட்டுறேன். புகையோட நிறத்துக்கு மட்டும் என்னை விட்டுடுங்க."

"சரி, பார்க்கலாம்" என்று அவர் வைத்த விதத்தில், பார்க்கத்தான் போகிறார் என்பது தெரிந்தது.

அன்று காலை எட்டு மணிக்குக் காற்று சாதகமாக இருந்தது. ஒன்பதரைக்கு வர வேண்டிய பெரிய அதிகாரி வந்தது பதினொன்றேகாலுக்கு. நாற்காலிகள் நிரம்பின. கேமராக்கள் நின்றன. தீக்குச்சி அறை அறையாக நடந்து பார்த்துவிட்டு வந்து, கீழ்த்தளத்துப் பின்னறையில் இருபது கிலோவுக்குத் தீ வைத்தாள்.

முதலில் குழாய் பிடிக்கிற இருவரும் அவர்களோடு ஒரு உதவிப் பயிற்சியாளரும் கீழே போனார்கள். அடுத்து, மாடியில் மாப்பிள்ளையைத் தேட இருவர், அவர்களோடு இன்னொரு பயிற்சியாளர். ஆறு வில்லை பலகையில் தொங்கியது. மாடிக்குப் போனவர்களில் ஒருவன் முப்பது வயதுக்காரன். படையில் சேருவதற்கு முன் சந்தையில் மூட்டை தூக்கியவன். அதனால் எல்லோருக்கும் அவன் 'மூட்டை'.

நான்கு நிமிடம் எல்லாம் கச்சிதமாக நடந்தது. அப்புறம் அவள் இடுப்பில் இருந்த போன் அதிர்ந்தது. பொதுவாக அந்த நேரத்தில் அவள் எடுக்கமாட்டாள். ஏதோ தோன்ற, சாலைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். மொட்டை மாடியில் விரிப்புகள் எல்லாம் தொய்ந்து செங்குத்தாகத் தொங்கின. கைப்பிடிச் சுவரில் அக்கா நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வரிசை விரிப்பு மெல்ல உப்பி, மறுபக்கம் பறக்க ஆரம்பித்தது.

காற்று திரும்பிவிட்டது. இனி அது பின்ஜன்னல் வழியாக நுழையும். தட்டில் எரிகிற தீயை ஊதி, அனலையெல்லாம் முன்வாசலுக்கும் மாடிப்படிக்கும் தள்ளும். அங்கேதான் ஆறு பேரும் இருக்கிறார்கள்.

விசில் மூன்று முறை கிறீச்சிட்டது. ஊதியபடியே அவள் வீட்டின் பின்பக்கம் ஓடினாள். பின்ஜன்னலுக்கு ஓர் இரும்புக் கதவு, அதை வெளியிலிருந்தே இறக்க ஒரு சங்கிலி. போன வருடம் அவள் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டது. சங்கிலியைப் பிடித்து உடம்பு முழுவதையும் தொங்கவிட்டாள். கதவு 'தடார்' என்று விழுந்தது. காற்றின் வழி அடைபட்டது. காவலுக்கு நின்ற குழாய்க்காரர்கள் சொல்லாமலே முன்வாசல் வழியாக நுழைந்து மாடிப்படியின் அடியில் தண்ணீரை விரித்தார்கள்.

அவள் பலகைக்குத் திரும்பி ஓடினாள். கீழே போன மூவரும் வந்து, வில்லையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதி மூன்று. மூன்று வில்லையும் அசையாமல் தொங்கின.

அவள் இடது காது சுட்டது. அது வெறும் நினைப்புதான், அவளுக்கே தெரியும். வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"மாடி. எங்க இருக்கீங்க?"

கரகரவென்ற சத்தம். "பக்கவாட்டு ஜன்னல்கிட்ட மேடம். மூணு பேரும் நல்லா இருக்கோம். ஏணிக்கு வர்றோம். ஆனா..."

"ஆனா என்ன?"

"மூட்டை மாப்பிள்ளையை விட மாட்டேங்கறான் மேடம்."

பக்கவாட்டு ஜன்னலில் முதலில் ஒருவர் ஏணியில் இறங்கினார். அடுத்து வந்தது மாப்பிள்ளையின் கால், பின் முதுகு. அதைத் தோளில் போட்டபடி மூட்டை. கடைசியாகப் பயிற்சியாளர். நாற்காலியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். விசில் ஊதியதிலிருந்து அதுவரை ஒரு நிமிடம் பத்து நொடி.

மூட்டை முகமூடியைக் கழற்றி, வில்லையை எடுத்துக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தான்.

"விசில் கேட்டா கையில இருக்கிறதைப் போட்டுட்டு வான்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"அப்புறம்?"

"எடுத்த சுமையை நடுவழியில போட்டுப் பழக்கமில்ல மேடம்."

அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. "அவன் பொம்மைடா. பஞ்சும் மணலும். அவன் எரிஞ்சா என் வீட்டுக்காரர் இன்னொரு சட்டை தைப்பாரு. உனக்குத் தைக்க யாராலயும் முடியாது. ஒரு வாரம் தொட்டி கழுவு. போ, முதல்ல தண்ணி குடி."

அதற்குள் பெரிய அதிகாரி எழுந்து வந்துவிட்டார். முகம் கடுகடுவென்றிருந்தது. "எதுக்கும்மா பாதியில நிறுத்தினீங்க? தீயை அணைக்கிறதைக் காட்டவே இல்லையே!"

"காத்து மாறிடுச்சு சார்."

"காத்து மாறினா என்ன? இத்தனை பேர் முன்னாடி..."

மாடிப்படியின் உச்சியில் பொருத்திய வெப்பமானியை வெளியிலிருந்து பார்த்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிவைப்பது ஓர் உதவியாளரின் வேலை. அந்தத் தாளை வாங்கி அவரிடம் நீட்டினாள். அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று ஒழுங்காகப் போன எண்கள், விசில் ஊதிய இடத்தில் நூற்றுமுப்பது, அடுத்து நூற்றுத்தொண்ணூறு என்று ஏறியிருந்தன. ஜன்னல் கதவு விழுந்த இடத்திலிருந்து மறுபடி இறங்கின.

பெரிய அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். அவரும் ஒரு காலத்தில் முகமூடி போட்டுப் படியேறியவர்தான். தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியேறினார்.

நான்காம் நாள் ஓர் ஓலை வந்தது: 'செயல்விளக்கம் பாதியில் நிறுத்தப்பட்டதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' நாத்தனார் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "சீட்டு கிழிஞ்சுதா?" என்று கேட்டாள். புருஷன் ஊசியில் நூலைக் கோத்தபடி, "கிழிஞ்சா தைக்க நான் இருக்கேன்" என்றான். அவள் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து பதில் எழுதினாள். 'காற்று மாறியது. உள்ளே ஆறு பேர் இருந்தனர். நிறுத்தினேன். ஆறு பேரும் வந்தனர்.' மகள் படித்துப் பார்த்து, "இவ்வளவுதானா? எங்க மிஸ் இதுக்கு மார்க்கே போட மாட்டாங்க" என்றாள். அம்மா ஒரு நாள் யோசித்துவிட்டு, அப்படியே அனுப்பினாள்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவளும் வழக்கம்போலத் தீ வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாத் திடல்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. தீப்பயிற்சி நடக்கும்போது காற்றின் திசையைக் கவனிக்க ஓர் ஆளைத் தனியாக நிறுத்த வேண்டும், ஜன்னல்களை வெளியிலிருந்து மூட வழி இருக்க வேண்டும், டயர் கூடாது, உள்ளே போகிறவர்களுக்கு வில்லைப் பலகை கட்டாயம். அதில் அவள் பெயர் இல்லை. திடலின் பெயரும் இல்லை. 'இருபத்தொன்றாவது கிலோ தேவையற்றது' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் தனியாகச் சிரித்தாள். அதே வாரம், வாசலில் ஒரு மூடிய லாரி வந்து நின்று, கையுறை போட்ட நாலு பேர் இறங்கி, "இங்க பதினோரு பீப்பாய் இருக்காமே?" என்று கேட்டார்கள். இருபத்து மூன்று கடிதம் எழுதியிருந்தாள். பூட்டைத் திறக்கும்போது அவள் கை கொஞ்சம் அவசரப்பட்டது.

மூட்டை பயிற்சியில் தேறி, நகரத்து நிலையம் ஒன்றில் சேர்ந்தான். தொட்டியை அவன் கழுவிய அளவுக்கு யாரும் கழுவியதில்லை என்பது தொட்டித் தண்ணீரை வண்டிக்கு ஏற்றும் பம்ப்காரர் தந்த சான்று.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், சலவைக்கூடத்து அக்கா தன்னிடம் வேலை செய்யும் பெண்கள் ஒன்பது பேரோடு திடலுக்குள் வந்தாள். இந்த முறை தோளில் விரிப்பு இல்லை.

"இஸ்திரி ரூம்ல போன வாரம் லேசா புகைஞ்சுது. வாளித் தண்ணியை எடுத்துட்டு ஓடினோம். அப்புறம்தான் யோசிச்சேன், கரண்டு இருக்கிற இடத்துல தண்ணி ஊத்தலாமான்னு. சுவத்துல சிவப்பா ஒண்ணு ஆறு வருஷமா தொங்குது. அதை எப்படி எடுக்குறதுன்னு ஒருத்திக்கும் தெரியாது. சொல்லிக் குடு."

தீக்குச்சி ஒரு சின்னத் தட்டில் ரெண்டு கைப்பிடி வைக்கோலைப் போட்டுப் பற்ற வைத்தாள். தீயணைப்பு சிலிண்டரின் ஊசியை எப்படி உருவுவது, எவ்வளவு தள்ளி நிற்பது, தீயின் தலையை விட்டுவிட்டு அடியைப் பார்த்து அடிப்பது என்று காட்டினாள். ஆளுக்கொரு முறை என்பது ஏற்பாடு. முதலில் வந்தவள் அக்கா. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, பகையாளியைப் பார்ப்பதுபோலத் தட்டை முறைத்து, ஒரே அடி. தீ அணைந்தது. அக்கா நிறுத்தவில்லை. காலியாகும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்க்கா, அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு!"

"இரு தங்கச்சி" என்றாள் அக்கா, தூள் படிந்த புருவத்தைத் துடைத்துக்கொண்டே. "அடுத்ததைப் பத்த வை. இந்தத் தடவை கொஞ்சம் பெருசா."

மற்ற ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், தங்கள் முறை இன்னும் வரவில்லை என்று.